பால்கனிக்குப் போய் வந்த காற்றுப் பெட்டி

அன்பு மகள் வாயாடிக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் நால்வரும் சுகம், இந்த முறை சும்மா வாய்வார்த்தையாக இல்லை, கருவி வைத்து அளந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமா என்று உன் கையால் நான்கு வரி எழுதினால் ஒன்றும் குறைந்துபோக மாட்டாய். மாப்பிள்ளை சமைக்கக் கற்றுக்கொண்டார் என்று உன் அம்மாவிடம் சொன்னாயாம், உன் அம்மா நம்பிவிட்டாள், நான் நம்பவில்லை. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ பேசுவாய், நான் கேட்பேன், நீ பேசக் கற்ற நாளிலிருந்து அதுதானே நம் வழக்கம். அதோடு உன் அம்மா உடனே ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள், இந்த விஷயம் ஸ்பீக்கருக்கு ஆகாது, அதனால் நிதானமாக உட்கார்ந்து எழுதுகிறேன், நீயும் நடுவில் சிரித்து மடித்து வைத்துவிடாமல் கடைசி வரை படி.

உன் தம்பிக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம் ஆகிறது, குழந்தைக்காக இரண்டு முறை சிகிச்சை செய்தும் தங்கவில்லை, அடுத்த மாதம் மூன்றாவது முறை, இதெல்லாம் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது என்னவென்றால், அந்த மருத்துவமனையில் ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. குழந்தைக்காகக் காத்திருக்கிறவர்கள் வீட்டிலும் வெளியிலும் என்ன காற்றைச் சுவாசிக்கிறார்கள், அதற்கும் கரு தங்குவதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா என்று பார்க்கிறார்களாம். இவர்கள் இருவரும் பெயர் கொடுத்துவிட்டார்கள். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய ஒரு கருவியைச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டு ஏழு நாள் திரிய வேண்டும், அது உர்ரென்று காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். உன் தம்பி அதைக் குத்திக்கொண்டு போனால் டீக்கடைக்காரர் ஏதோ கேமரா என்று நினைத்து ஏழு நாளும் கிளாஸை இரண்டு தடவை கழுவிக் கொடுத்தாராம். இது போக படுக்கையறைக்கென்று பழைய ரேடியோ மாதிரி ஒரு பெட்டி, ஒரு நோட்டு. நோட்டில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கட்டம், எங்கே இருந்தாய், சன்னல் திறந்திருந்ததா, அடுப்பில் என்ன, பக்கத்தில் யார் புகைத்தார்கள், எல்லாவற்றையும் எழுத வேண்டும். உன் பள்ளிக்கூடத்து வீட்டுப்பாடத்தை விட மோசம்.

இனிதான் உன் அப்பாவின் பிரதாபம். வீட்டை அளக்க ஆள் வருகிறார்கள் என்றதும் எனக்குப் பரீட்சை நினைப்பு வந்துவிட்டது. மருமகள் நல்ல மார்க் வாங்க வேண்டும் அல்லவா. உன் அம்மாவிடம் எண்ணெய்ச் சட்டியை ஏழு நாள் பரணில் ஏற்றச் சொன்னேன், அவளும் எல்லாவற்றையும் அவித்தே போட்டாள், மூன்றாம் நாள் உன் தம்பி தட்டைப் பார்த்துவிட்டு யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டான். கொசுவர்த்தி கிடையாது, கொசு எங்களைத் தூக்கிக்கொண்டு போகாததுதான் பாக்கி. கீழே என் பட்டறையையும் பூட்டிவிட்டேன், இரண்டு அலமாரியும் ஒரு கட்டிலும் பாலிஷ் ஏறாமல் அப்படியே நின்றன. இதோடு விட்டிருக்கலாம். விடுவேனா? காலையில் இருவரும் வேலைக்குக் கிளம்பியதும் அந்தப் பெட்டியை மெல்லத் தூக்கிப் பால்கனியில் பூந்தொட்டி பக்கத்தில் வைப்பேன், அங்கேதான் நல்ல காற்று, மருமகள் மருந்துக்கடை வேலை முடிந்து மூன்றரைக்கு வருவதற்குள் பழைய இடத்தில் கொண்டுபோய் வைத்துவிடுவேன். உன் அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

எட்டாம் நாள் ஆராய்ச்சியிலிருந்து ஒரு பெண் வந்தது. உன் வயதுதான் இருக்கும், உன்னை விடக் குறைவாகப் பேசுகிறது. பெட்டியைக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தது, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தது, பிறகு உன் தம்பியிடம், ஏன் சார் உங்க பெட்ரூமுக்குக் கூரை இருக்குல்ல, தினமும் பத்து மணிக்கு மேல உள்ளே வெயில் அடிச்சிருக்கே என்று கேட்டது. அந்தப் பெட்டிக்குள் சூட்டை அளக்கவும் ஒன்று வைத்திருக்கிறார்கள் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி நின்றேன். உன் அம்மா என் முகத்தைப் பார்த்தாள், முப்பத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்தினவளுக்கு அது போதாதா, என்னங்க பண்ணித் தொலைச்சீங்க என்றாள். சொன்னேன். அந்தப் பெண் கோபிக்கவில்லை, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது, அப்புறம், சார், சுத்தமான வீடு எங்களுக்கு வேண்டாம், நீங்க எப்பவும் இருக்கிற வீடுதான் வேணும், இன்னொரு வாரம் அதே மாதிரி இருங்க என்று சொல்லிப் புதுப் பெட்டியும் புது நோட்டும் வைத்துவிட்டுப் போனது.

சரி என்று எப்போதும் போல இருந்தோம். சட்டி பரணிலிருந்து இறங்கியது, பட்டறையைத் திறந்தேன். உனக்குத் தெரியும், நான் காலையெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு வெயில் தாழ்ந்ததும் நாலு மணிக்குத்தான் வார்னிஷ் எடுப்பேன், ஆறுக்குள் ஒரு கை ஏற்றிவிடுவேன். பட்டறைக்கு நேர் மேலே அவர்கள் படுக்கையறை, நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு வந்த மருமகள் அந்த நேரத்தில்தான் கொஞ்சம் படுப்பாள். மாடிப்படி வழியாக வாசனை ஏறும் என்று எனக்குத் தெரியாதா, தெரியும், அது எனக்கு வாசனை, அவ்வளவுதான் நினைத்திருந்தேன். மறுபடி அந்த ஆராய்ச்சிப் பெண் வந்து கம்ப்யூட்டரைத் திறந்ததும் நானும் எட்டிப் பார்த்தேன். ஏழு நாளும் காற்றின் மாசைக் காட்டும் கோடு படுத்தே கிடக்கிறது, நாலு மணிக்கு எழுந்து மலையாக நிற்கிறது, ஆறரைக்கு மேல் மெல்ல இறங்குகிறது. உன் அம்மாவின் சட்டி அதற்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேடு. இந்த நேரத்துல என்ன நடக்குது, நோட்டுல இந்தக் கட்டம் மட்டும் ஏழு நாளும் காலியா இருக்கே என்று அந்தப் பெண் கேட்க, மருமகள் தலையை நிமிர்த்தாமல், தூங்கிடுவேன், தெரியலைங்க என்றாள். மற்ற கட்டமெல்லாம் முத்து முத்தாக எழுதியிருந்தாள், பக்கத்து வீட்டுக்காரர் இருமியதைக்கூட விடவில்லை.

நான் நோட்டை வாங்கினேன். ஏழு கட்டத்திலும், மாமனார் கீழே வார்னிஷ் அடித்தார் என்று என் கோழிக்கிறுக்கலில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். கையெழுத்துத் தேவையில்லை சார் என்றது அந்தப் பெண். அப்படியானால் நான்தான் காரணமா என்று கேட்டேன். இல்லை சார், ஒரு வீட்டை வெச்சு இதனாலதான்னு யாராலயும் சொல்ல முடியாது, நூத்துக்கணக்கான வீடு சேர்ந்தாத்தான் எங்களுக்கே ஏதாவது புரியும், ஆனா அந்த வாடையை யாரும் சுவாசிக்காம இருக்கிறது நல்லதுதானே என்று பக்குவமாகச் சொல்லிவிட்டுப் போனது. மறுநாளே பட்டறையைக் காலி செய்து, இரண்டு தெரு தள்ளி மரக்கடைக்குப் பின்னால் இருக்கும் திறந்த கொட்டகைக்கு மாற்றிவிட்டேன். தின்னர் டின்னைத் தூக்கிக்கொண்டு இந்த வயதில் ஊர்வலம் போனேன், உன் அம்மா பின்னாலேயே மூக்கில் கட்டும் துணியைக் கொண்டு வந்தாள், இத்தனை வருஷம் உங்க மூக்கு மட்டும் என்ன இரும்பா என்று திட்டு வேறு.

நான் எழுத உட்கார்ந்த விஷயம் இனிமேல்தான். அன்று சாயங்காலம் மருமகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள், ஏம்மா அந்தக் கட்டத்தை எழுதாமல் விட்டாய், உன் குழந்தைக்காகச் செய்கிற காரியத்தில் எனக்கு எதற்குத் தாட்சணியம் பார்த்தாய் என்று கேட்டேன். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. மாமா, அஞ்சு வருஷமா எல்லாரும் என் மேலதான் குத்தம் தேடுறாங்க, என் சாப்பாடு, என் நடை, என் வேலை, நான் எப்போ எந்திரிக்கிறேன், எல்லாத்துலயும் தேடிட்டாங்க, நம்மாலதானோன்னு நினைச்சுக்கிட்டுப் படுத்தா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும், அது உங்களுக்கு வேண்டாம்னு நினைச்சேன் என்றாள். இவ்வளவுதான் சொன்னாள். நான் ஒரு துண்டை எடுத்து மடித்தேன், அதையும் அவள் வாங்கித் திருப்பி மடித்தாள். போன முறை தங்காமல் போனபோது, நாள் பூராவும் கடையில் நின்றால் எப்படித் தங்கும் என்று உன் அம்மாவிடம் நான் சொன்னேன், மெல்லக்கூடச் சொல்லவில்லை, மருமகள் அப்போது மாடிப்படியில் இருந்தாள். அவள் சொன்ன அந்த எல்லாரில் நானும் ஒருவன். வாயாடி, எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது. மன்னித்துக்கொள் அம்மா என்று கேட்டேன், வாயில் வந்த மாதிரி கேட்டேன், ம் என்றாள்.

உன்னையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவளிடம் போனைக் கொடுத்ததும், என்ன விசேஷம் உண்டா என்று கேட்கிறாய், ஆசையில்தான் கேட்கிறாய், எனக்குத் தெரியும். இனி கேட்காதே. சாப்பிட்டாயா, கடையில் கூட்டமா, உன் மாமனார் தொல்லை எப்படி இருக்கிறது என்று கேள், கடைசிக் கேள்விக்கு நிறையப் பதில் கிடைக்கும். மாப்பிள்ளையை அளவாகச் சமைக்கச் சொல், சமைக்கும்போது சன்னலைத் திறந்து வை, இப்போது நான் இதிலெல்லாம் பாதி நிபுணன். குட்டிக்கு என் முத்தம். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து வாழ வேண்டும், உன் வாய் மட்டும் கொஞ்சம் ஓய்வு எடுக்க வேண்டும்.

வருகிற பதினான்காம் தேதி காலை ஒன்பது மணிக்கு மருத்துவமனை, அன்று போன் செய்யாதே, நாங்களே செய்கிறோம். இரண்டு முறையும் உன் அம்மாதான் கூடப் போனாள், நான் வேலை இருக்கிறது என்று இருந்துவிட்டேன். நேற்று மருமகள் வந்து, மாமா, இந்தத் தடவை நீங்களும் வாங்க, உள்ளே விட மாட்டாங்க, வெளியிலதான் உக்காந்திருக்கணும், பரவாயில்லையா என்று கேட்டாள். சட்டைக்கு இன்றே இஸ்திரி போட்டு வைத்துவிட்டேன்.

அன்புடனும் ஆசிகளுடனும்,
உன் அப்பா