புடலங்கொடிக் கல்

பின்பக்கம் சிமெண்ட் தளம் போடுவதற்காக மண்ணை ஒதுக்கிக்கொண்டிருந்த நம் மகள், நேற்று ஒரு கல்லைக் கழுவி எடுத்து வந்தாள். பெயிண்ட் பாதிக்கு மேல் உரிந்துவிட்டது. வளைந்த பச்சை உடம்பும் வெள்ளைக் கோடுகளும் மட்டும் மிச்சம். "அப்பா, எனக்காக அம்மா கும்பிட்ட பாம்புக் கல்லு இதுதான?" என்று கேட்டாள். நான் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். ஒளிந்துகொள்ள எனக்கு இந்த வயதிலும் ஒரு பேப்பர் போதும்.

அவளிடம் பாம்பு என்றுதான் சொல்லி வைத்திருக்கிறாய்.

அது பாம்பு இல்லை என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்? கல்யாணமான புதிதில், எழுபதுகளின் கடைசியில், பனவடலிசத்திரத்திலிருந்து உன் அம்மை கொடுத்துவிட்ட விதைகளை ஊன்றினாய். முளைக்கும் முன்பே எந்தப் பாத்தியில் எது என்று மறந்துபோய் இரண்டு பேரும் சண்டை போட்டோம். ஓடையில் உருண்டைக் கற்களாகப் பொறுக்கி வந்து, ஜன்னலுக்கு அடித்து மிஞ்சின எனாமல் பெயிண்டில் கத்தரி, மிளகாய், புடலை என்று வரைந்து பாத்திக்கு ஒன்றாக வைத்தேன். "பேர எழுதி வச்சாப் போதாதா?" என்றாய். "எழுத்து ஆபீசுக்கு. வீட்டுக்குப் படம்" என்றேன். புடலங்காயின் நுனியைச் சுருட்டிவிட்டதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

அந்தச் சுருள்தான் வம்பாகிவிட்டது. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்திருந்த உன் பெரியம்மை, பின்பக்கம் கை கழுவப் போனவள், நாகர் என்று நினைத்து, கோயிலில் வாங்கிய புற்றுமண்ணைக் கரைத்துக் கல்லில் பூசிக் கும்பிட்டுவிட்டாள். பாம்பு உருவம் வாங்கிக் காணிக்கை போடுகிற ஊரில் அவள் வேறு என்ன நினைப்பாள்? நான் விடுவேனா! சாமியெல்லாம் வெறும் பயம் என்று டீக்கடையில் மணிக்கணக்காகப் பேசுகிற ஆள். "எங்க வீட்டுப் புடலங்காய் சாமியாயிட்டுவே" என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். அப்போது நீயும் சிரித்தாய்.

இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே கலைந்த பிறகு நீ சிரிக்கவில்லை. கோயிலுக்குப் போக வேண்டும் என்று என்னிடம் கேட்கவும் பயந்தாய். மூன்றாவது தடவை, கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஜன்னல் வழியே தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு, எந்தச் செடிக்கு எவ்வளவு தண்ணீர் என்று படுத்தபடியே என்னை ஏவினாய். மாதம் நெருங்கியிருந்த ஒரு விடியற்காலையில் உனக்கு ரத்தம் போக ஆரம்பித்தது. கார் பிடிக்க ஆள் போயிருந்தது. உனக்குக் காய்ச்சிய பாலோடு அடுக்களையில் நின்றவன், எப்படிப் பின்பக்கம் போனேன் என்று தெரியவில்லை. நானே வரைந்த புடலங்காய்க்குக் குங்குமத்தை அப்பி, பாலை ஊற்றி, மண்ணில் நெற்றியை வைத்தேன். நிமிர்ந்தபோது ஜன்னல் கம்பிக்குப் பின்னால் உன் கண்கள். நீ உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தாய். நானோ, பார்த்துவிட்டாளே என்று கூசிப்போய் நின்றேன்.

நீயும் பிழைத்தாய், பிள்ளையும் பிழைத்தது. பேர் வைக்கிற அன்று என் டீக்கடைக் கூட்டாளிகள் வந்தார்கள். கல்லின் சொரசொரப்பில் குங்குமம் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது. "என்னவே இது, புடலங்காய்க்கு யாரு பொட்டு வச்சது?" என்று ஒருவர் சத்தம் போட்டார். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் குனிந்து வேட்டியில் ஒட்டாத மண்ணைத் தட்டினேன். பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்ற நீ, "நாந்தான் அண்ணாச்சி. பயத்துல வச்சிட்டேன்" என்றாய்.

கொல்லென்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதோடு விட்டேனா? "பொம்பளைகளத் திருத்த முடியாதுவே" என்றேன். நீ என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போனாய்.

கொஞ்ச நாள் கழித்து, புடலங்காய்க் கூட்டை எனக்குப் பரிமாறிவிட்டு, "பால் குடிச்ச கொடில்லா, ருசியாத்தான் இருக்கும். சாப்பிடுங்க" என்றாய். அவ்வளவுதான். சாகும்வரை அந்தப் பேச்சை நீ என்னிடம் மறுபடி எடுக்கவில்லை. நான் எடுக்கவே இல்லை.

நேற்று மகள் அந்தக் கல்லை உன் படத்துக்கு முன்னால் வைத்து விளக்கேற்றினாள். "அம்மா அன்னைக்குக் கும்பிட்டதாலதாம்பா நான் இருக்கேன்" என்றாள். கும்பிட்டது நான்தான் என்று சொல்லிவிடப் பேப்பரை இறக்கினேன். சொன்னால், என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று அடுத்த கேள்வி வரும். நீகூட அதைக் கேட்டதில்லை. பிள்ளைக்காக என்று நினைத்திருப்பாய்.

"பிள்ளைய எடுத்துக்கோ, இவள மட்டும் விட்டுரு." அன்று அந்தப் புடலங்காயிடம் நான் கெஞ்சியது இதைத்தான்.

"நீங்களும் கும்பிடுங்கப்பா" என்று விளக்குக்குப் பக்கத்தில் நின்று கூப்பிட்டாள். எழுந்து போய்க் கை கூப்பினேன். கல்லையும் பார்க்கவில்லை, உன் படத்தையும் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துத்தான் கூப்பினேன்.