துறையூர், மேற்படி

கலஹா,
வெள்ளிக்கிழமை மாலை

அன்பு மகள் தர்ஷிகாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், உன் அப்பாவின் முழங்காலையும் வாயையும் தவிர. முழங்கால் குளிருக்கு மடங்க மாட்டேன் என்கிறது, வாய் எந்தக் காலத்திலும் மூட மாட்டேன் என்கிறது. அந்த ஜப்பான் நகோயாக் குளிரில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று மாரியம்மனிடம் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். போன் இருக்கக் காகிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்தில் நின்று ஒவ்வொரு சொல்லையும் திருத்துகிறார். கடைக்காரர் பாரூக் நானாவின் மருமகன் உங்கள் பக்கம்தான் வேலைக்கு வருகிறார், அவர் கையில் இதையும் ஒரு பார்சலையும் கொடுத்து விடுகிறேன். இதை வாசித்து முடித்த பிறகுதான் பார்சலைப் பிரிக்க வேண்டும்.

போன கிழமை கேட்டாயே, உங்கள் வயோதிபர் இல்லத்தில் வேலை செய்கிற வெளிநாட்டுப் பிள்ளைகள் ஆளுக்கொரு நாட்டுக் கலையை மேடையில் காட்ட வேண்டுமாம், கூட இருக்கிற சிங்களப் பிள்ளை கண்டி நடனம் ஆடப் போகிறாள், நமக்குன்னு காட்ட என்னம்மா இருக்கு என்று. அடுப்பில் பால் பொங்குகிறது என்று போனை வைத்துவிட்டேன். பால் ஒன்றும் பொங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதே கேள்வி நம்மையே தேடி வந்ததால் இப்போது எழுதுகிறேன்.

கண்டியில் ஒரு கலாசங்கம் இலங்கைக் கலைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு விழா வைத்தது. நம் தேயிலைத் தோட்டத்துக் காமன் கூத்துக்கும் அழைப்பு வந்தது. மாசியில் கம்பம் ஊன்றி இரண்டு கிழமைக்கு மேல் ஆடி, கடைசியில் சிவன் மன்மதனை எரித்து, ரதி விடிய விடிய அழுகிற கூத்தை ஏழு நிமிடத்தில் முடித்துத் தரவேண்டுமாம். மண்டபத்துக்குள் நெருப்பும் கூடாதாம். மன்மதன் ஆடுகிற, திரீவீலர் ஓட்டும் ஜீவன், அப்ப என்னைய எத வச்சி எரிப்பீங்க என்று கவலைப்பட்டான். சிவப்பு டோர்ச் லைட் என்று முடிவாயிற்று. ரதி வழக்கம்போல் உன் அப்பா. ரதிக்குச் சேலை வழக்கம்போல் என் கல்யாணக் கூறை. அந்தச் சேலையை நான் கட்டியது ஒரு தடவை, அவர் கட்டியது, கொரோனா வருடங்களைக் கழித்து, இருபத்தைந்து தடவை.

விண்ணப்பத்தையும் அவரே நிரப்பினார், அங்கேதான் வினை. கலை தோன்றிய இடம் என்று ஒரு கட்டம், அதில் துறையூர், திருச்சி ஜில்லா என்று எழுதினார். சம்பந்தம் பேச வந்தாலும் நம் ஆட்கள் முதலில் எடுத்து விடுவது கொள்ளுத்தாத்தா கப்பல் ஏறிய ஊரைத்தானே, அந்தப் பெருமை. அடுத்த கட்டம் குழு வரும் இடம். அதில் மேற்படி என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். துறையூரை இவர் படத்தில்கூடப் பார்த்ததில்லை.

ஞாயிறு காலை பஸ்ஸில் கசங்கிப்போய் மண்டப வாசலுக்கு வந்து சேர்ந்தால், வெற்றிலை கொடுத்து வரவேற்கிறார்கள், கழுத்தில் மாலை போடுகிறார்கள், ஆளுக்கொரு தம்பிலி இளநீர், முன்வரிசையில் வெள்ளை உறை போட்ட கதிரை. தோட்டத்துக் கலைக்கு இவ்வளவு மரியாதையா என்று நான் பூரித்துப்போனேன். மற்றக் குழுக்கள் எல்லாம் பின்னால் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தது கண்ணில் பட்டது, மண்டையில் ஏறவில்லை. பிறகு கோட்டுப் போட்ட ஒரு ஐயா வந்து எங்களோடு ஹிந்தியில் பேசினார். நாங்கள் முழித்தோம். ஜீவன் சிங்களத்தில், ஹிந்தி எங்களுக்குத் தெரியாது மாத்தயா என்றான். அவர் அசந்துபோய், வந்த உடனேயே இவ்வளவு நல்லாச் சிங்களம் பழகிட்டீங்களே என்று அவன் தோளைத் தட்டிக் கொடுத்தார். எங்களுக்கு ஹோட்டலில் அறை போட்டிருக்கிறார்களாம், மறுநாள் தலதா மாளிகை என்று புத்தர் கோயிலைச் சுற்றிக் காட்டுவார்களாம். அறையில சுடுதண்ணி வருமா என்று ஜீவன் மெதுவாக விசாரித்தான். உன்னிடம் மறைப்பானேன், விருந்தாளிகளுக்கான சாப்பாட்டு மேசையைப் பார்த்தபோது, ஒருநாள் இந்தியாவாகவே இருந்துவிட்டுப் போவோமே என்று எனக்கும் தோன்றியது. இரண்டு தரம் பரிமாறிக்கொண்டேன்.

எங்கள் முறை வந்தது. அறிவிப்பாளர் பெண் நல்ல சிரிப்போடு, நம் நாட்டுக் கலைகளுக்கு நடுவே கடல் கடந்து வந்த விருந்தாளிக் கலை, அயல்நாட்டு நண்பர்களைக் கைதட்டி வரவேற்போம் என்றாள். மண்டபமே தட்டியது. என் தாத்தா பிறந்தது இங்கே, அப்பா பிறந்தது இங்கே, என் அம்மா பிரஜாவுரிமைக் கடுதாசி ஒன்றுக்காக எத்தனை வாசலில் எத்தனை நாள் நின்றாள், இவர்கள் ஒரு மாலையைப் போட்டு மறுபடி கப்பல் ஏற்றுகிறார்களே என்று கழுத்து மாலையைக் கழற்றினேன் மகளே. உன் அப்பாவைப் பார்த்தேன். ரதிக்குத் தாலி கட்டி வேஷம் ஏறிவிட்டால் அழுது முடியும்வரை வேறு பேச்சுப் பேசக்கூடாது என்பது நம் தோட்டத்து வழக்கம். வாழ்நாள் முழுக்க வாய் ஓயாத மனுசன், வேண்டிய நேரத்தில் மை தீட்டிய கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

சேலைக்குக் குத்த வைத்திருந்த ஊசிகள் கையோடு இருக்க, நேரே போய் மைக்கைக் கேட்டு வாங்கினேன். சந்தையில் பழகிய சிங்களம்தான். இந்த ரதி என் புருஷன், கட்டியிருப்பது என் கல்யாணச் சேலை, நாங்கள் கடல் எதையும் கடக்கவில்லை, கலஹா பஸ்ஸில் பேராதனை வழியாக வந்தோம், துறையூர் என்று எழுதியது இவர் கொழுப்பு, தலதா மாளிகைக்கு என் மகளை ஒன்பது தடவை பெரஹர ஊர்வலம் பார்க்கக் கூட்டிப் போயிருக்கிறேன், ஹோட்டல் வேண்டாம், ஆறரைக்குக் கடைசி பஸ், ஆனால் இது இலங்கைக் கலை என்று ஒரு தடவை சொல்லிவிட்டுத் தொடங்குங்கள் என்றேன். மண்டபத்தில் எல்லோரும் முன்பைவிடப் பெரிதாகத் தட்டினார்கள். அந்தப் பெண் முகம் சிவந்து, என் சின்னம்மா வீடும் கலஹாதான் என்று சொல்லி, சரியாகத் திருத்தி அறிவித்தாள். நல்ல பிள்ளை.

உன் அப்பாவுக்கு அதற்குமேல் ஏழு நிமிடமாவது ஒன்றாவது. டோர்ச் வெளிச்சத்தில் ஜீவன் எரிந்து விழுந்தான், இவர் அழத் தொடங்கினார், மணி அடித்தார்கள், அழுதார், திரும்ப அடித்தார்கள், இன்னும் உரக்க அழுதார். எரிந்த மன்மதன் கால் மரத்துப்போய் நடுவில் ஒருதரம் திரும்பிப் படுத்தான். அடுத்து ஏற வேண்டிய கண்டி மேளக்காரர்கள் திரை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் நம் ஆட்கள் அடித்த தப்புக்கு ஏற்றபடி மடியில் இருந்த மேளத்தை மெதுவாகத் தட்டியதை நான் பார்த்தேன். பஸ் போய்விட்டது. மேளக்காரர்களின் வேனில்தான் வந்தோம், கலஹா வரும்வரை தப்பும் மேளமும் போட்டி, எனக்கு இன்னும் காது இரைகிறது. சான்றிதழ் முன்பே அச்சடித்தது, இந்திய விருந்தினர் என்றே இருக்கிறது. அதைச் சுவரில் மாட்டினார், நான் இறக்கிவிட்டேன், திரும்ப மாட்டியிருக்கிறார்.

நேரத்துக்குச் சாப்பிடு, காலுறை இல்லாமல் தரையில் நடக்காதே, அப்பாவுக்கு ஒரு போன் போட்டு ரதி நன்றாக அழுதாளாம் என்று சொல், அதற்காகவே காத்திருக்கிறார். எல்லாத் தெய்வமும் உன் பக்கம் நிற்கட்டும்.

உன் அம்மா,
பரிமளம்

பி.கு: பார்சலில் இருப்பது அந்தச் சேலைதான். வரும் மாசிக்கு எனக்கு ஒரு புதுச் சேலை எடுக்கப் போகிறேன், தேவையானால் அவர் என்னிடம் கேட்டு வாங்கிக் கட்டட்டும். தோளில் இருக்கிற கறை அவர் ஞாயிற்றுக்கிழமை அழுத மை, அதைத் துவைத்துவிடாதே. நீ கட்டிக்கொண்டு மேடையில் ஏறி, சின்ன வயதில் அடுப்படியில் அப்பாவைப் போல அழுது காட்டுவாயே, அதை அழு. ஏறும் முன்னால் ஒரு தாளைக் கொடுத்து எந்த இடம் என்று கேட்பார்கள். மேற்படி என்று எழுதிவிடாதே. கலஹா, இலங்கை என்று முழுதாக எழுது.