கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது என்ற வாய்மொழி உத்தரவு

அனுப்புநர்
சௌந்திரம்,
காலஞ்சென்ற சென்னியப்பன் மனைவி,
கம்ப்யூட்டர் ஆபரேட்டர்,
கரட்டூர் நிலக்கடலை விற்பனைக் கூட்டுறவுச் சங்கம்,
மல்லசமுத்திரம் வழி.

பெறுநர்
துணைப் பதிவாளர் அவர்கள்,
கூட்டுறவுச் சங்கங்கள்,
திருச்செங்கோடு.

பொருள்: கம்ப்யூட்டர் கோளாறு நீங்கிய பின்னும் எனக்கு என் வேலையைத் திருப்பித் தராதது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இச்சங்கத்தில் எழுத்தராக இருந்த என் கணவர் காலமானதால், வாரிசு அடிப்படையில் இவ்வேலை எனக்குக் கிடைத்தது. சேலம் சென்று பயிற்சி பெற்று வந்தேன்.

2. சென்ற வருட ஆயுத பூஜைக்குப் பிறகு, கம்ப்யூட்டர் சில காலைகளில் கிளம்பவில்லை. விளக்கு எரியும், திரையில் ஒன்றும் வராது. வயர்களைக் கழற்றி மாட்டினேன், தூசி துடைத்தேன், பிளக்கை மாற்றினேன். கம்பெனிப் பொறியாளர் திரு. அருணகிரி சேலத்திலிருந்து மதியம் வருவார். அப்போதெல்லாம் அது நல்ல பிள்ளையாக ஓடும்.

3. செயலாளர் திரு. வெங்கடாசலம் தாமே காரணம் கண்டுபிடித்தார். "பூஜையன்னைக்கு அந்தம்மா பக்கத்துல நின்னாங்க. அவங்க கை பட்டா எப்படிங்க கிளம்பும்?" என்று என் காதுபடவே சொன்னார். தட்டச்சர் வசந்தாமணியை விசை போடச் சொன்னார். அவர் பேருந்தில் தாமதமாகத்தான் வருவார். அவர் போட்டதும் கிளம்பியது. ருசுவாகிவிட்டது என்றார்கள். இனி நான் கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது என்று வாயால் சொல்லி, என்னைத் தபால் உறை ஒட்ட அனுப்பினார்கள்.

4. ஒருநாள் வசந்தாமணி சீக்கிரம் வந்து போட்டார், கிளம்பவில்லை. "அக்கா, எனக்கும் கிளம்பலீங்க, ஆருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க" என்றார். அந்நேரம் சங்கக் காவலர் ஆண்டி மோட்டார் போட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தார். சென்ற ஆயுத பூஜையன்றுதான் அந்தப் புது மோட்டாருக்கும் பூஜை போட்டு, கம்ப்யூட்டர் இருக்கும் அதே லைனில் இணைத்தார்கள். இதைச் சொல்லி, பொறியாளரைக் காலையில் வரச்சொல்லி எழுதினேன். அவர் வந்து பார்த்தார். மோட்டார் ஓடும்போது ஸ்டெபிலைசர் முள் இறங்கியது, கம்ப்யூட்டர் கிளம்பவில்லை. நிறுத்தியதும் கிளம்பியது. "வோல்டேஜ் பத்தலீங்க, இந்தம்மா மேல தப்பில்லீங்க" என்று அவர் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்.

5. மோட்டாருக்குத் தனி லைன் கொடுத்தார்கள். அன்றிலிருந்து கம்ப்யூட்டர் தினமும் கிளம்புகிறது. எனக்கு மட்டும் வேலை திரும்பவில்லை. கேட்டால், "இப்பத்தான் நல்லா ஓடுது, எதுக்குங்க மறுபடியும் வம்பு?" என்கிறார் செயலாளர். வேலை நடுவே ஏதேனும் சிக்கினால் என்னைக் கூப்பிடுகிறார்கள். நிலைப்படிக்கு வெளியே நின்று, கீபோர்டில் எந்தக் கட்டையை அழுத்துவதென்று வசந்தாமணிக்குச் சொல்கிறேன். எனக்கு வயிறு எரிகிறது ஐயா, வேறு சொல் தெரியவில்லை.

6. இவ்வருட ஆயுத பூஜையிலும் அந்த மோட்டாருக்குச் சந்தனம் வைத்துப் பொட்டு வைத்தார்கள். என்னைப் பூஜை முடிந்த பிறகு வரச்சொன்னார்கள்.

7. என் தகுதிகாண் பருவம் அடுத்த மாதம் முடிகிறது. ஆபரேட்டர் வேலையே பார்க்காதவரை எப்படி நிரந்தரமாக்குவது என்று நிர்வாகக் குழுவில் இப்போதே பேசுகிறார்கள்.

ஆகவே தாங்கள் ஒரு காலை நேரில் வந்து, குழுவினர் முன் என்னை விசை போடச் சொல்லிப் பார்க்க வேண்டும். என் கணவர் இறந்ததால் கொடுத்த வேலையை, அவர் இறந்ததற்காகவே பிடுங்கக் கூடாது என்று எழுத்து மூலம் உத்தரவிட வேண்டுகிறேன்.

இடம்: கரட்டூர்
நாள்: 24.10.1988

இப்படிக்கு,
செ. சௌந்திரம்