கல் கட்டியவருக்கே காய்

அன்புள்ள மச்சான்,

இப்போது நான் சொல்லப்போகும் கதையை இந்தப் பூமியில் ஒருவரும் நம்பப் போவதில்லை என்று முதலிலேயே சத்தியம் செய்துவிடுகிறேன். கூட நின்று பார்த்த என் மனைவியே இன்னும் நம்பவில்லை. மகன் நம்பவில்லை. அண்ணன் பிள்ளைகள் "சித்தப்பா, போதும்" என்று போனை வைத்துவிட்டார்கள். நீ இருந்திருந்தால் நீயும் நம்பியிருக்க மாட்டாய். ஆனால் நம்பாமலேயே கடைசிவரை கேட்டிருப்பாய். அப்படிக் கேட்க இப்போது ஆளில்லை. ஆகவே இந்த மடல்.

இன்று காலை பால் பாக்கெட்டை எடுக்கக் குனிந்தேன். சட்டைப் பையிலிருந்து உன் இரும்பு எடைக்கல் நழுவி 'ணங்' என்று தரையில் விழுந்தது. நூறு கிராம் கல்தான். விழுந்த வேகத்தில் தஞ்சாவூரே ஒரு தரம் குலுங்கி அடங்கியது. கீழ்வீட்டில் குடியிருக்கும் வீட்டுக்காரம்மா மட்டும் குலுங்காமல், "மேல என்னங்க சத்தம்?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லம்மா, மச்சான் வந்தாரு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

உன் மளிகைக் கடையில் மின்தராசு வந்தபோது வேலை இழந்து, புடலங்கொடிக்கு மாற்றலாகி வந்த கல் அது. புடலம்பிஞ்சின் நுனியில் கல் கட்டித் தொங்கவிட்டால்தான் காய் சுருளாமல் நேராக இறங்கும் என்பது ஊரறிந்த விஷயம். நம் விஷயம் அதோடு நிற்கவில்லை. உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு கிளுவை வேலி. அதன்மேல் ஒரே கொடி. வேர் யார் பக்கம், காய் யார் பக்கம் என்று வழக்கு முற்றியபோது நீதான் தீர்ப்புச் சொன்னாய்: "கல்லு கட்டினவனுக்குத்தான் காய், மாப்ளே." அன்றிலிருந்து அதுவே நம் இரண்டு வீட்டுக்கும் சட்டம்.

சட்டம் நல்ல சட்டம். ஆனால் எனக்கு அதில் ஒரு காய்கூடச் சரியாகக் கிடைக்கவில்லை. விடியும் முன் பள்ளிவாசலுக்குத் தொழப் போகிற வழியில், என் பக்கம் தொங்கும் பிஞ்சுகளுக்கும் சேர்த்துக் கல்லைக் கட்டிவிட்டு ஒன்றும் தெரியாதவன் மாதிரிப் போய்விடுவாய். "உனக்குப் பாங்கு சொல்லி எழுப்ப ஆள் இருக்கு, எனக்கு யாருய்யா இருக்கா?" என்று சண்டைக்கு வந்தேன். "பாங்கு ஊருக்கே பொதுவாத்தான் கேக்குது. காதை யாரு பொத்திக்கச் சொன்னா?" என்றாய். சாயங்காலம் அதே காயை உன் வீட்டம்மா பாதியாக வெட்டி, வேலிக்கு மேலாக நீட்டும். அதுவும் சட்டத்தில் உண்டா என்று நான் கேட்டதில்லை. கேட்டால் நிறுத்திவிடுவாயோ என்று பயம்.

என் கொல்லையைப் பற்றி இங்கே யாருக்கும் தெரியவில்லை, மச்சான். வீட்டின் பின்னால் அறுபது குழி நிலம். வெண்டைக்காய் பறிக்க ஏணி போடுவோம். பூசணி ஒன்றைக் குடைந்து உள்ளே கோழி குடும்பம் நடத்தியது. ஒரு வருஷம் நம் புடலங்காய் ஒன்று தெற்கே இறங்க ஆரம்பித்து, முத்துப்பேட்டையைத் தாண்டி, வால் வேதாரண்யம் உப்பளத்தில் போய்க் கிடந்தது. கூட்டு வைத்தபோது உப்பே போடவில்லை. இதையெல்லாம் நான் பஜாரில் சொல்லும்போது கடைக்குள்ளிருந்து உன் குரல் மட்டும் வரும்: "உன் வாயில வளர்ற நீளத்துக்குக் கொடியில வளர்றதில்ல மாப்ளே."

அந்தப் பெரிய புயலுக்கு மறுநாள் நீ சொன்னதுதான் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. தென்னை எல்லாம் படுத்துவிட்டது. வேலி இருந்த இடம் தெரியவில்லை. என் கொல்லையில் நின்றால் உன் அடுப்படி தெரிந்தது. "இனிமே வேலி எதுக்கு மச்சான், அப்படியே கிடக்கட்டுமே" என்றேன். பெரிய மனசோடு பேசிவிட்டதாக எனக்கு ஒரு பெருமை. நீயோ என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போல் பார்த்தாய். "வேலி இல்லாட்டி கொடி எதுலய்யா ஏறும்?" என்றாய். அன்று சாயங்காலமே இரண்டு பேரும் கிளுவைப் போத்துகளை ஒடித்து வந்து ஊன்றினோம். கடைப் பரணில் சாம்பலில் பிசைந்து பாட்டிலில் நீ வைத்திருந்த விதைதான் மறுபடி கொடியானது.

போன ஐப்பசியில், கடையைத் திறக்கப் போனவன் கையில் சாவியோடு படியிலேயே உட்கார்ந்துவிட்டாய் என்றார்கள். உனக்கு மண் போட்டுவிட்டு வந்து கொல்லையில் நின்றேன். வேலியில் என் பக்கம் ஒரு பிஞ்சு, நுனியில் உன் இரும்புக் கல். அன்று விடியற்காலைதான் கட்டியிருக்கிறாய். சட்டப்படி அது உன் காய். நான் பறிக்கவில்லை. பழுத்துச் சிவந்து தானாக வெடிக்கிறவரை விட்டேன். விதையை உன் வீட்டம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "நீங்களே வச்சுக்கங்கண்ணே. அவங்க கல்லும் உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றது.

பிறகு வைகாசியில் நாங்களும் கிளம்பினோம். மருமகளுக்குத் தஞ்சாவூரில் வேலை, பேத்திக்குப் பள்ளிக்கூடம், என் மனைவிக்கு முழங்கால் வைத்தியம். மூன்று பேரும் ஒரே பக்கம் ஓட்டுப் போட்டால் நான் எங்கே ஜெயிப்பது? வீட்டை வாங்கியவர் கொல்லையில் கார் கொட்டகை போடப்போவதாகச் சொன்னார். கத்தரி நாற்றைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். முருங்கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என் மனைவி வந்து, "லாரியில கட்டிலுக்கே இடம் பத்தல. உங்க கொல்லையை மடிச்சு பீரோவுலயா வைக்க முடியும்?" என்றாள். பீரோவில் வைக்கவில்லை. இரண்டு சாக்கில் வண்டல் மண்ணைக் கட்டி, அரிசி மூட்டை என்று சொல்லி ஏற்றிவிட்டேன்.

இங்கே எங்களுக்கு முதல் மாடி, அதற்கு மேல் மொட்டை மாடி. வீட்டுக்காரம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். "தண்ணி நின்னா தளம் ஒழுகும். நாலு தொட்டி வச்சுக்கங்க. அஞ்சாவது வந்துச்சுன்னா எனக்குக் கண்ணு தெரியும்." அறுபது குழியை ஆண்ட மகாராஜாவுக்கு நாலு பெயிண்ட் வாளி! மூன்றில் கீரையும் மிளகாயும் தக்காளியும் போட்டேன். நாலாவதில், ஆடிப் பட்டத்தில், உன் விதை மொத்தத்தையும் ஊன்றினேன். ஒன்றுதான் முளைத்தது. அது ஏறியது, பூத்தது, பிஞ்சுகள் எல்லாம் வெம்பி விழுந்தன. கடைசியில் தங்கியது ஒரே ஒரு காய். அதை விதைக்கு விட்டால்தான் நம் வேலிக் கொடிக்கு அடுத்த வருஷம். பறித்துவிட்டால் அதோடு சரி.

அந்த ஒரு காய்க்கு இறங்க வேறு இடமே கிடைக்கவில்லை. கொடி கைப்பிடிச் சுவரைத் தாண்டி, எங்கள் பால்கனியைத் தாண்டி, வீட்டுக்காரம்மாவின் சமையலறை ஜன்னலுக்கு நேரே ஒரு ஆள் நீளக் காயை இறக்கிவிட்டது. உன் கல்லை எடுத்துக்கொண்டு மூன்று நாள் போனேன், மூன்று நாளும் கட்டாமல் திரும்பி வந்தேன். முந்திக்கொள்ள எதிராளி இல்லாமல் கல் கட்டுவதில் என்ன இருக்கிறது? காய் தூண்டில் முள் மாதிரி வளைந்துகொண்டே போனது.

நாலாம் நாள் எட்டிப் பார்த்தேன். காயின் நுனியில், நைலான் கயிற்றில், ஒரு துருப்பிடித்த பூட்டு தொங்கியது.

"கொஞ்சம் கீழ வாங்க" என்று அழைப்பு வந்தது. வீட்டைக் காலி செய்யச் சொல்லத்தான் என்று நினைத்து, என் மனைவியையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"வளைஞ்சு வந்து ஜன்னல் கம்பியில மாட்டிக்கப் பாத்துச்சு" என்றார் வீட்டுக்காரம்மா. "அதான் சாவி தொலைஞ்ச பூட்டு ஒண்ணைக் கட்டிவிட்டேன். தாராசுரத்துல எங்க வீட்டுல பெரிய பந்தல் இருந்துச்சு. கல்லு கட்டாம யாராவது புடலங்காயை விடுவாங்களா? நீங்க விவசாயம் பண்ணவர்தானா?"

என் வம்சத்தையே கேட்டுவிட்டார். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய கவலை வேறு இருந்தது. சட்டத்தைச் சொன்னால் காய் அவருடையது. அன்று மத்தியானமே பொரியலாகிவிடும். சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? உனக்குத் தெரியும். சொல்லிவிட்டேன். வேலி, கல், நீ, சாம்பல் பாட்டில், எல்லாவற்றையும் சொன்னேன். அதிசயமாக ஒரு பொய்கூடக் கலக்கவில்லை. என் மனைவியே வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

அந்த அம்மா ஜன்னல் வழியாகக் காயைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப இது என் காய்?"

"ஆமாங்க."

"என் காய்னா நான் சொல்றதுதான். யாரும் பறிக்கக் கூடாது. விதைக்கு இருக்கட்டும். விதையில பாதி எனக்கு." பிறகு உள்ளே போய்க்கொண்டே, "அஞ்சாவது தொட்டி வச்சுக்கங்க. ஒரே வாளியில விதையெல்லாம் கொட்டுனா எப்படிக் காய்க்கும்?" என்றார்.

காய் இப்போது சிவக்க ஆரம்பித்திருக்கிறது. நேற்று கைப்பிடிச் சுவரின் உள்பக்கம், என் எல்லையில், விரல் நீளத்தில் இன்னொரு பிஞ்சு இறங்கியிருக்கிறது. அதற்காகத்தான் உன் கல்லைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறேன், சட்டை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு தொங்குகிறது. வீட்டுக்காரம்மா கோலம் போட விடியும் முன்பே எழுந்துவிடுகிறார், மாடிக்கும் வருகிறார். அவருக்கு முன்னால் நான் எழ வேண்டும். தூரத்தில் எங்கோ பாங்கு கேட்கிறது, மச்சான். இப்போது காதைப் பொத்திக்கொள்வதில்லை.

உப்பளம் வரைக்கும் போன காய் பொய். பூசணிக்குள் கோழி பொய். உன் கல் விழுந்து தஞ்சாவூர் குலுங்கியதும் பொய்தான். இந்தக் காயும் ஒரு ஆள் நீளமில்லை, ஜன்னலுக்கு வந்தது பெரும்பாலும் கொடிதான். காய் இரண்டு முழம் தேறினால் அதிகம். ஆனால் அந்தப் பூட்டைக் கட்டியது நானில்லை. அது மட்டும் நிஜம்.

உன் மாப்ளே