பதினேழாம் இலக்கத் துண்டு

கெல்சென்கிர்ச்சன்
02.10.2007

அன்பு மகள் துஷானிக்கு,

நான் நல்ல சுகம். இரண்டு இடியப்பத்தோடு வயிறு நிறைந்துவிடுகிறது, வயதுதானே. தொலைபேசியில் நீ எப்போதும் அவசரம். கடிதத்தை நீ பாதியில் வைக்க ஏலாது, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் பரராசசிங்கம் மாமாவுக்கு வயிற்றில் புற்றுநோய். ஈரலுக்கும் பரவிவிட்டது. ஒருவருக்கும் தெரியக்கூடாது என்கிறார், நீயும் அவரிடம் கேட்காதே. சோதிக்க எடுத்த சதைத்துண்டில் மிச்சத்தைப் போன மாதமே உன் ஆய்வுகூடத்துக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டார். "எங்கட பிள்ளை படிக்கிற இடத்துக்குப் போகட்டும்" என்றார்.

நீ படிக்கும் அந்த வளர்ச்சிக் காரணி என்பது என்ன? மறைக்காமல் எழுது. அவர் கேட்கிறார்.

அன்புடன்,
அப்பா

ஹம்பேர்க்
09.10.2007

அன்புள்ள அப்பா,

மாமாவை நினைக்க அழுகை வருகிறது. எங்களுக்கு வரும் துண்டுகளுக்குப் பெயர் கிடையாது, இலக்கம் மட்டும்தான். கெல்சென்கிர்ச்சனிலிருந்து வந்தது ஒன்றே ஒன்று, பதினேழு. சொல்ல வெட்கமாயிருக்கிறது, நுணுக்குக்காட்டியில் பார்க்க நாங்கள் பூசும் சாயம் அதில் அவ்வளவு அழகாகப் பிடித்திருக்கிறது. அந்தப் படத்தைத்தான் ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் போட்டிருக்கிறேன்.

வளர்ச்சிக் காரணி என்பது, பெருகு என்று உடம்பு தன் கலங்களுக்கு, அதாவது செல்களுக்கு, அனுப்பும் சேதி. புண் ஆறுவதே அதனால்தான். சேதியை வாங்கக் கலத்தின் மேல் ஏற்பிகள் உண்டு. பதினேழில் ஒருவகை ஏற்பி அளவுக்கு மீறிக் கிடக்கிறது. அதனால் சேதி வராமலே கலங்கள் பெருகும், பக்கத்து உறுப்புக்குள் புகும், தமக்கென்று இரத்தக் குழாய்களையும் இழுத்துக்கொள்ளும். இப்படியே விட்டால் சில மாதங்கள்தான், அப்பா.

அந்த ஏற்பியை அடைக்கும் மருந்து மார்பகப் புற்றுநோய்க்கு இருக்கிறது. வயிற்றுக்கும் உதவுமா என்று இங்கே கொடுத்துப் பார்க்கிறார்கள். பலன் இன்னும் தெரியாது. ஆனால் தெம்பு இருக்கும்போதே அந்தப் பரிசோதனையில் சேர வேண்டும். மாமா அடம்பிடித்தாலும் இழுத்துக்கொண்டு வாருங்கோ.

உங்கள்
துஷானி

கெல்சென்கிர்ச்சன்
05.11.2007

அன்பு மகளுக்கு,

நன்றாக விளங்கியது. முதல் பக்கத்துப் படம் என்றதும் மாமாவுக்குச் சந்தோஷம். "பிள்ளைக்குப் பிரயோசனப்பட்டுதே, அது போதும்" என்றார். ஆனால் இப்போது வரமாட்டாராம். ஒரு நல்ல காரியம் இருக்கிறது, அது முடியட்டும் என்கிறார்.

டிசம்பர் பதினான்கில் உனக்கு ஆய்வேட்டுக்கான வாய்மொழிச் சோதனை. அதுவரை இங்கே வராதே. வீடெல்லாம் பெயின்ட் அடிக்கிறேன், அந்த மணம் உனக்கு ஒத்துவராது. வேளைக்குச் சாப்பிடு.

அப்பா

ரயிலில்
15.12.2007

அப்பா,

சோதனையில் தேறிவிட்டேன். சொல்வதற்கு நேற்றெல்லாம் தொலைபேசி எடுத்தேன், நீங்கள் தூக்கவில்லை. பயந்து பரராசசிங்கம் மாமாவுக்கு எடுத்தேன்.

"எனக்கென்ன பிள்ளை, கொத்துரொட்டி சாப்பிட்டுக்கொண்டு நிக்கிறன். உன்ர அப்பாதான் நல்லா மெலிஞ்சு போனார். கேட்டால் விரதம் எண்டுறார்" என்றார்.

பெரியப்பா செத்ததை பள்ளி முடிக்கும் என் அபித்தூர்ப் பரீட்சை முடிந்த பிறகுதான் சொன்னீர்கள். அந்த நல்ல காரியம் என் சோதனைதானா?

நேற்றுப் பதினேழாம் படத்தை, அது உங்களுடையது என்று தெரியாமல், சுவரில் ஆளுயரத்துக்குக் காட்டினேன். "இவ்வளவு மூர்க்கமான ஒன்றை நாங்கள் வேறெங்கும் காணவில்லை" என்று பெருமையாகச் சொன்னேன். கைதட்டினார்கள்.

உங்கள்மேல் ஆத்திரம் ஆத்திரமாய் வருகிறது. அந்த மருந்தைக் கொடுத்துப் பார்க்கும் டாக்டரை இன்று காலை வீட்டில் போய்ப் பிடித்தேன். ஆள் எழும்பி நடக்கக்கூடியவர் என்றால் கூட்டி வா, இல்லையென்றால் சேர்க்க முடியாது என்றார்.

மணி அடித்தும் நீங்கள் வராவிட்டால் இதைக் கதவுக்குக் கீழால் தள்ளுவேன். வெளியேதான் நிற்கிறேன். நடக்கிறீர்கள்தானே, அப்பா? வந்து கதவைத் திறவுங்கோ.

துஷானி