இடப்பக்கம் பிரட்டின நாள்

மச்சாள், இண்டைக்கு ஆசுப்பத்திரி வாட்டுக்குள்ள கால் வைச்ச உடன உங்கட மணம் வந்தது. வேற ஒண்டுமில்லை, ஆரோ ஒருத்தருக்கு முதுகில பவுடர் போட்டிருக்கினம். நீங்கள் போடச் சொல்லுற அதே பவுடர். அம்மாளாச்சி எண்டு சுவரைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்.

உங்களுக்குச் சொல்லேல்லை என்ன, நான் இப்ப நோயாளர் பராமரிப்புப் பயிற்சிக்குப் போறன். சிரிக்காதேங்கோ. ஊர்ப் பள்ளிக்கூடத்தோட நிண்டவள், ஐம்பதையும் தாண்டி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பெட்டையளோட வாங்கில இருந்து படிக்கிறன். படிப்பிக்கிற மிஸ்ஸும் என்னை அன்ரி எண்டு தான் கூப்பிடுறா. நீங்கள் போனாப்பிறகு லிங்கநகர் வீட்டில உங்கட வெறுங்கட்டிலைப் பாத்துக்கொண்டு இருக்க ஏலாமப் போச்சு. அதுதான் சேர்ந்தனான்.

இண்டைக்குத்தான் சோதனை. படுக்கையில கிடக்கிறவையைத் துடைச்சு, இடப்பக்கம் பிரட்டி, விரிப்பு மாத்திக் காட்டவேணும். அது சரிவந்தாத்தான் சான்றிதழ்.

இடப்பக்கம், மச்சாள்.

உங்களுக்குப் பாரிசவாதம் வந்து நான் முதல்முதல் பிரட்டின நாள் ஞாபகமோ? நுனிவிரலால பிடிச்சன். "என்னடி, தோசையே பிரட்டுறாய்? முழுக்கையாலயும் பிடி. விழுந்திடுவனெண்டு எனக்கெல்லோ பயமாக்கிடக்கு" எண்டு ஏசினீங்கள். வாசல்ல நிண்டு இவர் சிரிச்சவர். "அக்காவைப் பாத்துப் பல்லைக் காட்டாம வந்து ஒரு பக்கம் பிடியடா" எண்டு அவருக்கும் விழுந்தது.

பிறகு அந்தக் காலமை. உங்களை இடப்பக்கம் பிரட்டி, முதுகுக்குத் தலையணை குடுத்தபடி கோயில் பொங்கல் கதை சொல்லிக்கொண்டிருந்தனான். நீங்கள் மறுமொழி சொல்லேல்லை. குனிஞ்சு பாத்தா மூச்சில்லை. "இதயம் தானம்மா, நீங்கள் பிரட்டினதால இல்லை" எண்டு டொக்டர் சொன்னவர். காதுக்கு விளங்கினது. கைக்கு விளங்கேல்லை. பயிற்சியிலயும் இடப்பக்கம் எண்டா ஒரு பெட்டையை முன்னுக்கு விட்டிட்டு நழுவிப்போடுவன்.

இண்டைக்கு நழுவ ஏலாது. கட்டில்ல கிண்ணியாவில இருந்து வந்த ஒரு முஸ்லிம் உம்மா. பக்கத்தில அவவின்ர மகள். மிஸ் சொல்லித்தந்தபடி, "உம்மா, உங்களை இடப்பக்கம் பிரட்டப் போறன், சரியோ?" எண்டு கேட்டன். "பிரட்டு புள்ள" எண்டா. கை வரேல்லை. பயத்தில என்ன செய்யிறனெண்டே தெரியாம, உங்களுக்குப் பூசிவிடுற பழக்கத்தில, சட்டைப்பையில கிடந்த திருநீறை எடுத்து அவவின்ர நெத்திக்குக் கொண்டு போயிட்டன்!

மகள் திடுக்கிட்டு எழும்பிட்டா. "அன்ரி!" எண்டு மிஸ் கத்தினா. நான் செத்துப் போனன் மச்சாள். உம்மா மட்டும் சிரிச்சவ.

"எனக்கு வாணாம் புள்ள. பயம் ஒனக்குத்தான். நீயே பூசிக்க."

பூசினன். மிஸ் திரும்பக் கை கழுவ வைச்சா. பிறகு, முழுக்கையாலயும் உம்மாவைப் பிடிச்சு, கோணேசரே எண்டு பிரட்டினன்.

உம்மா பேசேல்லை. அசையவும் இல்லை. விரிப்பையும் விட்டிட்டு, காதை அவவின்ர வாயடிக்குக் கொண்டு போனன். கொஞ்சத்தால, மெல்லிசா ஒரு குறட்டை. மனுசி நித்திரை!

"மூச்சுப் பாத்தது நல்லது அன்ரி. இப்ப விரிப்பை மாத்துங்கோ" எண்டா மிஸ். மாத்தினன். பாஸ் எண்டு சொன்னாப்பிறகும் நான் கட்டிலடியை விட்டு வரேல்லை. மகள் தான் என்ர தோளைத் தொட்டு, "உம்மா நல்லாத் தூங்குறா, நீங்க போங்க" எண்டவ.

திங்கக்கிழமை வேலை துவங்குது. பயம் போகேல்லை மச்சாள். இனி ஆரைப் பிரட்டினாலும் கைக்கு முந்தி காது தான் போகும். இவ்வளவு நாளும் இந்தப் பயத்தை எடுத்துவிடு தாயே எண்டு தான் அம்மாளிட்டைக் கேட்டுக்கொண்டு திரிஞ்சனான். பின்னேரம் சல்லி அம்மன் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டன். அதை மட்டும் கேக்கேல்லை. அந்தப் பயம் கிடக்கட்டும் எண்டு விட்டிட்டு வந்தனான்.