டில்லிக்குப் போகிற பேச்சு

1985 ஜூலை 8, திங்கள்

காலையிலிருந்து தூறல். காஸ் சிலிண்டர் இன்றும் வரவில்லை. மண்ணெண்ணெய் ஸ்டவ்தான்.

சாயங்காலம் டோரிஸ் தார்நாகாப் பக்கத்து யூனிவர்சிட்டியிலிருந்து பஸ்ஸில் நனைந்துகொண்டு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே, "ஆச்சி, போர்டுல லிஸ்ட் போட்டுட்டாங்க" என்றாள். வெளியிலிருந்து ஆராய்ச்சிப் பணம் கிடைத்தவர்கள் யூனிவர்சிட்டி முழுக்கப் பதினோரு பேர். மறக்காமல் எழுதி வைக்கிறேன். கெமிஸ்ட்ரியில் மூன்று பேர். பிசிக்ஸில் இரண்டு. வேர்க்கடலை நோய்க்கு ஒருவர். கல், மண் படிக்கிறவர்கள் இரண்டு. சரித்திரம் ஒன்று. மனோதத்துவம் ஒன்று. கடைசியில் மொழியியல், என் பேத்தி. டில்லியிலிருந்து இரண்டு வருஷத்துக்குப் பணம், புது டேப் ரிகார்டர், பெட்டி நிறைய கேசட்.

பதினொன்றில் பதினோராவது. அதனால் என்ன? பிலாயில் வளர்ந்த பிள்ளை, இங்கே லெக்சரராக வந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. அஞ்சாம் கிளாஸோடு நின்றவள் வீட்டிலிருந்து ஒரு பேர் அந்தப் போர்டில் ஏறிவிட்டது. அவள் அப்பா, என் மகன் எபனேசருக்கு இன்றே பிலாய்க்குக் கடிதம் எழுதினேன். அவன் வேலை பார்க்கிற ஸ்டீல் பிளான்ட்டில் கொடுக்கிற டைரியில்தான் இதையும் எழுதுகிறேன்.

எதிர்வீட்டு ஜம்புநாதன் கெமிஸ்ட்ரி மூன்று பேரில் ஒருவர். கேட்டருகே நின்று சிரித்தார். "ஏம்மா, நான் மருந்து கண்டுபிடிக்க மிஷின் வாங்கறேன். உங்க பேத்தி கிழவிங்க பேசறதைப் பிடிக்க மிஷின் வாங்கறா. பேச்சுக்கெல்லாமா கவர்ன்மெண்டு பணம் குடுக்குது?"

"உங்க மருந்தை வாயைத் திறக்காமலா விப்பிய?" என்றேன். சிரிப்பு அடங்கவில்லை அவருக்கு.

ஜூலை 14, ஞாயிறு

டோரிஸுக்கு முப்பது பேர் வேண்டும். அறுபது வயது தாண்டியவர்கள், செகந்திராபாத்தில் நாற்பது வருஷமாவது இருந்த தமிழர்கள். எப்படி இங்கே வந்தார்கள், கலியாணம், வேலை என்று அவரவர் கதையைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். "ஆளை எங்கே தேடறது ஆச்சி?" என்றாள். என்னிடம் விடு என்றேன்.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் எட்டுப் பேரைப் பிடித்தேன். பக்கத்து வீட்டுக் கனகவல்லி, அவள் கோயில் கூட்டத்தில் ஆறு பேருக்குப் பொறுப்பு ஏற்றிருக்கிறாள்.

ஜூலை 16

எல்லாரிடமும் ஒன்று சொல்லியிருக்கிறேன். டோரிஸுக்குத் தெரியாது. இது டில்லிக்குப் போகிற டேப். நம் வீட்டில் பேசுவதுபோல், வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஆமாம் என்பதற்கு ஹவ், ஏன் என்பதற்குக் கைக்கு, தொல்லை என்பதற்குப் பரேஷான் என்று உளறி வைக்கக் கூடாது. வேதம் வாசிப்பதுபோல் நிறுத்தி, சுத்தமாய்ப் பேச வேண்டும். கனகவல்லியின் ஆட்களுக்கு ரேடியோ நியூஸ் மாதிரி என்று சொன்னேன்.

பிள்ளை கேட்டு ஆச்சரியப்படட்டும்.

ஆகஸ்ட் 3

பத்தொன்பது பேர் முடிந்தது. லாலாகுடா சாரா அம்மாள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து மைக் முன்னால் உட்கார்ந்தாள். என் வீட்டுக்காரரோடு ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்தவரின் மனைவி. "யான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் ஆண்டில்" என்று ஆரம்பித்தாளே பார்க்கலாம்!

கனகவல்லி மூன்று நாள் கண்ணாடி முன் பேசிப் பார்த்தாளாம். "ஜெயசுந்தரி, கைக்குன்னு தொண்டை வரைக்கும் வந்துடுச்சு. நாக்கைக் கடிச்சுக்கினு ஏன்னு மாத்திட்டேன்." கெட்டிக்காரி.

ஆகஸ்ட் 20

முப்பதும் முடிந்தது. நான் வீட்டிலேயே இருப்பவள், என்னைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள் டோரிஸ்.

செப்டம்பர் 11

டோரிஸ் ஒரு வாரமாய்க் காதில் அந்த வளையத்தை மாட்டிக்கொண்டு கேட்பதும், நிறுத்துவதும், எழுதுவதுமாய் இருக்கிறாள். முகம் சரியில்லை. இன்று ராகி மாவு கரைத்துக் கொடுத்துவிட்டு என்ன என்று கேட்டேன்.

அவள் டில்லிக்கு எழுதிக் கேட்டபோது சொன்னது இது: இந்த ஊர்த் தமிழில் இருக்கிற உருது, தெலுங்குக் கலப்பு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கொண்டுவந்ததில்லை. ஒர்க்ஷாப்பிலும் சந்தையிலும் பழகிய பெரியவர்கள் வாயில் முதலில் ஏறி, பிறகு பிள்ளைகளுக்கு வந்தது. இப்போது டேப்பில் பார்த்தால் பெரியவர்கள் யாரிடமும் கலப்பே இல்லை.

"மிஷினைப் பார்த்தா கொஞ்ச நேரம் சுத்தமா பேசுவாங்க, அது எனக்குத் தெரியும் ஆச்சி. ஆனா ஒரு மணி நேரத்துல ஒருத்தருக்குக்கூட வழுக்கலையே. உங்களையும் கனகவல்லி பாட்டியையும் மட்டும் கேட்டுட்டு ஊரையே எடை போட்டுட்டேன் போல. நான் நினைச்சது தப்பு. தப்புன்னா தப்புன்னுதான் எழுதணும்."

முதல் ரிப்போர்ட் அக்டோபர் 15க்குள் போக வேண்டும். அதை வைத்துத்தான் இரண்டாம் வருஷப் பணம்.



செப்டம்பர் 12

ஏன் சொல்ல வேண்டும்? செகந்திராபாத் பெரியவர்களின் தமிழ் கெடவில்லை என்று சர்க்கார் தாளில் வரப்போகிறது. நான் ஆசைப்பட்டது அதுதானே.

தம்பி கலியாணத்துக்கு எங்கள் ஊர் நாசரேத்துக்குப் போனேன், நாற்பத்தெட்டாம் வருஷம். பந்தியில் இன்னும் கொஞ்சம் சோறு வைக்க வந்தார்கள். நக்கோ என்று வாயில் வந்துவிட்டது. புதுப்பெண், தம்பி மனைவி, இலையைப் பார்த்துக்கொண்டே சிரித்தாள். "என்ன மைனி, ஐதராபாத் பாஷை பேசுதிய?" பந்தி முழுக்கச் சிரித்தது. பிறந்த ஊரில் எனக்கு என் பேச்சு இல்லாமல் போன நாள். அதற்குப் பிறகு அங்கே போகும்போதெல்லாம் ஒவ்வொரு சொல்லையும் பார்த்துப் பார்த்துத்தான் எடுத்து வைப்பேன்.

அந்தச் சிரிப்புக்குப் பதில் டில்லியிலிருந்து வரட்டுமே.

செப்டம்பர் 15, ஞாயிறு

சொல்லவில்லை.

செப்டம்பர் 19

ரிப்போர்ட் எழுத ஆரம்பித்துவிட்டாள். முதல் வரியே, என் ஊகம் தவறு என்பதுதானாம். சிரித்துக்கொண்டே சொன்னாள். பதினோராவது பேராய்ப் போர்டில் ஏறிய பிள்ளை, நான் பண்ணிய காரியத்துக்குத் தன்னைத் தப்பு என்று கையெழுத்துப் போடப் போகிறாள்.

செப்டம்பர் 20

சொல்லிட்டேன்.

காலையில மேஜைப் பக்கத்துல போய் நின்னேன். "முப்பது பேர் வாயையும் நான்தான் கட்டினேன்" அப்படின்னேன். காதுல இருந்த வளையத்தைக் கழட்டினா. திரும்பச் சொல்லச் சொன்னா. திரும்பச் சொன்னேன்.

"ஏன் ஆச்சி?"

"டில்லியில கேப்பாவல்ல? நாம கேவலமாத் தெரியக் கூடாதுன்னு."

அப்புறம் மெதுவாத்தான் சொன்னா. கத்தியிருந்தாக்கூடத் தேவலை. "ஆச்சி, அந்தப் பேச்சுக்குத்தான் அவங்க பணமே குடுத்தாங்க."

டிபன் பாக்ஸை எடுக்காமலே போயிட்டா. தயிர் சாதம் அப்படியே இருக்கு. எனக்கு என்ன தெரியும்? நல்லது செய்யுறதா நினைச்சேன். நல்லதா? யாருக்கு நல்லது?

செப்டம்பர் 23

தேவைக்கு மட்டும் பேசுகிறாள். காபி. சாவி. கரெண்ட் பில்.

ஜம்புநாதன் வந்திருந்தார். விஷயம் தெரிந்திருக்கிறது. இன்று கேலி பண்ணவில்லை. அவளிடம், "என் லேப்ல பாத்திரம் சுத்தமில்லைன்னு தெரிஞ்சா மூணு மாச வேலையை ஸிங்க்ல ஊத்திட்டு மறுபடி ஆரம்பிப்பேன். நீயும் ஊத்திடும்மா. ஊத்தினேன்னு எழுது. அதைப் படிக்கிறவங்களுக்கும் புரியும்" என்றார்.

அவர் போனதும் நான் கேட்டேன், எத்தனை பேர் நிஜமாய்ப் பேசினால் போதும் என்று. "ஆறு பேர் இருந்தா, மத்தவங்களை அடுத்த வருஷம் மறுபடி எடுக்கறேன்னு கேக்கலாம்" என்றாள். நான்கு நாளில் இதுதான் நீளமான பேச்சு.

செப்டம்பர் 28, சனி

ஆறு பேர் வந்தார்கள். நான் சொன்னது தப்பு, வீட்டில் பேசுவதுபோலவே பேசுங்கள் என்று எல்லாரிடமும் சொன்னேன். டீப்பாய் மேல் மிஷின். டோரிஸ் மூலையில் நோட்டோடு.

பிரயோஜனமில்லை. கனகவல்லி தொண்டையைச் செருமிக்கொண்டு "வணக்கம்" என்றாள். சாரா அம்மாள் மறுபடி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறு. அரை கேசட் வீணாய் ஓடியது. டோரிஸ் பேனாவை மூடி வைத்துவிட்டாள். அதைப் பார்த்ததும்தான் எனக்கு அந்த யோசனை வந்தது.

"ஏன் கனகவல்லி, எங்க இட்லிக் கொப்பரை எப்போ வரும்?"

"எந்தக் கொப்பரை?"

"உன் மக காதுகுத்துக்கு வாங்கிட்டுப் போனியே, பித்தளை."

"அது அப்பவே வந்தாச்சே!"

"வரல."

"வரலயா? ஹவ், வராது! கைக்குடி இருபத்தஞ்சு வருசம் கழிச்சு இப்போ கேக்கறே? புளி போட்டுத் துலக்கி உன் வாசல்ல வச்சது யாரு?"

"நக்கோ, இந்தக் கதை எங்கிட்ட நக்கோ! வச்சிருந்தா எனக்குத் தெரியாதாக்கும்?"

"அட, ரெண்டு பேரும் கைக்கு பரேஷான் பண்ணுதிய?" என்று சாரா அம்மாள் உள்ளே விழுந்தாள். அவளுக்கும் யாரோ ஒரு தாம்பாளம் பாக்கியாம். பிறகு ஆறு பேரும் ஒரே நேரத்தில். டோரிஸ் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள். கேசட் தீர்ந்து டக்கென்று நின்றது யாருக்கும் தெரியவில்லை.

கனகவல்லி எழுந்துவிட்டாள். கண் சிவந்திருந்தது. "மிஷின் முன்னாடி என்னைத் திருடி ஆக்கிட்டே இல்ல?" என்றாள். டீயைத் தொடவில்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

கொப்பரை அறுபதாம் வருஷமே திரும்பி வந்துவிட்டது. பளபளவென்று வந்தது. பிறகு அதைப் பாத்திரக் கடையில் போட்டுக் குக்கர் வாங்கியவளும் நான்தான். தெரிந்தேதான் கேட்டேன்.

கனகவல்லி கேட் நேற்றிலிருந்து உள்பக்கம் பூட்டியிருக்கிறது.

அக்டோபர் 4

டோரிஸ் டேப்பை எடுத்துக்கொண்டு கனகவல்லி வீட்டுக்குப் போனாள். அவள் சம்மதம் இல்லாமல் இதை அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். இத்தனைக்கும் ரிப்போர்ட்டுக்கு இன்னும் பதினோரு நாள்தான். நான் மதில் ஓரமாய் நின்றேன். முதலில் மிஷின் சத்தம். பிறகு அதில் கனகவல்லியின் குரல். பிறகு, வெகு நேரம் கழித்து, நிஜக் கனகவல்லியின் சிரிப்பு. "நானா இப்படிப் பேசறேன்? ஹவ், நான்தான்!"

டேப்பை அனுப்பலாமாம். ஒரே ஒரு நிபந்தனை. கொப்பரை வந்ததா இல்லையா என்பதை நானும் அந்த மிஷினில் சொல்ல வேண்டும். டில்லி கேட்கும்படி.

அக்டோபர் 5

சொன்னேன். எதிரே கனகவல்லி கைகட்டி உட்கார்ந்திருந்தாள். டோரிஸ் பொத்தானை அமுக்கினாள். என்ன வார்த்தை போட்டேன் என்று நினைவில்லை. பார்த்து எடுத்து வைக்க நேரமில்லை. முடிந்ததும் கனகவல்லி, "நல்லா கேட்டுச்சா அதுக்கு?" என்று மிஷினைக் காட்டினாள். கேட்டது என்றாள் டோரிஸ். "சரி, டீ போடு" என்றாள் கனகவல்லி, என்னிடம்.

அக்டோபர் 14

ரிப்போர்ட் ரிஜிஸ்தர் தபாலில் போனது. முப்பது டேப்பைக் கணக்கில் சேர்க்கவில்லை, காரணம் இது என்று எழுதியிருக்கிறாள். வீட்டு மூத்தவர் ஒருவரின் அறிவுரை என்று மட்டும். பேர் போடவில்லை.

1986 பிப்ரவரி 12

புது டைரி. பிலாயிலிருந்து இந்த வருஷம் தாமதமாய் வந்தது.

மத்தியானம் டில்லியிலிருந்து டோரிஸுக்குக் கடிதம். இரண்டாம் வருஷப் பணம் உண்டு. முப்பது பேரையும் மறுபடி எடுக்க ஆறு மாதம் கூடுதலாய். டேப்பைக் கேட்ட பேராசிரியர் ஒருவர் ஒரு வரி எழுதியிருக்கிறார். டோரிஸ் தமிழில் சொன்னாள்: பாத்திரச் சண்டை மிகவும் உபயோகமானது, 12, 31 என்கிற இருவரிடமும் இன்னும் நிறையப் பேச்சு வேண்டும்.

"அது யாரு?" என்றேன்.

"ரிப்போர்ட்டுல பேர் போட மாட்டோம் ஆச்சி, நம்பர்தான். பன்னிரண்டு கனகவல்லி பாட்டி."

முப்பத்தொன்று யார் என்று நான் கேட்கவில்லை. டோரிஸ் என் தட்டில் இன்னொரு தோசையை வைத்தாள்.

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கனகவல்லி குரல் கொடுத்தாள். "முப்பத்தொண்ணு! பால் வந்துடுச்சா?"

ஹவ் என்றேன்.